ஒரு டம்ளரும் ஒரு எலுமிச்சம்பழமும்

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திர ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. நேரில் வர இயலாதிருந்த அன்பர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



 

வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிதாக வந்த கருவியைப் பற்றியோ உங்களுக்குச் சொல்லுவோம். அதன் படமும் இந்த மேஜையின்மேல் இருக்கும். இன்று இந்த மேஜையின்மேல் இருப்பவற்றைப் பாருங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிரட்டை, காலியான பவுடர் டப்பா, ஒரு சுளகு, பழைய சேலைத் துணி, போன வருஷத்துக் காலண்டர். யாரோ அடுக்களையை ஒதுங்கவைத்துவிட்டு எடுத்துப்போக மறந்துவிட்டார்கள் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கலாம். அப்படியல்ல. எங்கள் பிள்ளைகள் வார்டில் உபயோகமாகிற மருந்துகளில் இவையும் உண்டு. அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலாவது ஒரு வேதபகுதியை நினைவுபடுத்துகிறோம். சகரியா தீர்க்கதரிசியின் புத்தகம் எட்டாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் இடிந்துகிடந்த எருசலேமில் குடியேறி, ஆலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டணம் மறுபடியும் சுகமாகும் என்பதற்குத் தீர்க்கதரிசி என்ன அடையாளம் சொல்லுகிறார்? மதிலின் உயரத்தையா? களஞ்சியத்தின் நிறைவையா? வயது முதிர்ந்தவர்கள் கையில் கோலோடு வீதியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடுவதால் வீதிகள் நிரம்பியிருக்கும் என்கிறார். விளையாடுகிற பிள்ளையே ஒரு பட்டணத்தின் சுகத்திற்கு அடையாளம். இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் எங்கள் சொந்த வார்டில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு வெகுகாலம் சென்றது.

அழாத பிள்ளை

சில வருஷங்களுக்கு முன்பு ஒன்றரை வயதுள்ள ஒரு ஆண்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். எடை ஆறு கிலோவுக்குச் சற்று அதிகம். இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. தலைமுடி செம்பட்டையாகி உதிர்ந்துபோயிருந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. டாக்டர்களும் சிஸ்டர்களும் இரவும் பகலும் பாடுபட்டார்கள். உடம்பு குளிர்ந்துபோகாமல் போர்த்தி, மூக்கில் குழாய் வைத்து, கணக்காய்க் கலந்த பாலை இரண்டு மணிக்கொரு தரம் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் வீக்கம் வடிந்தபோது எடை இன்னும் குறைந்தது. பின்பு கொஞ்சங்கொஞ்சமாய் ஏறத் தொடங்கியது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஆனால் பிள்ளை சிரிக்கவில்லை. அழவுமில்லை. சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பான். கூப்பிட்டால் பார்க்கமாட்டான்.

அவனுடைய தாய் பீடி சுற்றுகிறவள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவள் எங்களிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுகிறோம்.

"மடியில தட்டு இருக்கும்யா. பிள்ளை வந்து தட்டிவிட்டா தூளு கண்ணுல விழுந்திரும். அதனால தள்ளி உக்காத்தி வச்சிருவேன். அவனும் அழாம இருந்துக்கிடுவான். நல்ல பிள்ளை, தொந்தரவே கிடையாதுன்னு தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பிரியமானவர்களே, இந்தத் தாயைக் குற்றவாளியாக்க யாரும் துணியவேண்டாம். மடியில் பீடித்தட்டு இருந்தபடியால்தான் வீட்டில் கஞ்சி இருந்தது. அந்தத் தட்டு இருந்தபடியால்தான் மடியில் பிள்ளைக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டும் உண்மை.

நாங்கள் செய்தது என்ன? தினமும் காலையில் வெள்ளை அங்கியோடு அந்தக் கட்டிலண்டை போவோம். பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஜெபிப்போம். அடுத்த கட்டிலுக்குப் போவோம். நாங்கள் கிட்டப் போகும்போதெல்லாம் அவன் உடம்பை ஒடுக்கிக்கொள்வதைக் கவனித்தோம். ஆனால் காரணம் புரியவில்லை. வார்டைக் கூட்டுகிற ஆயாம்மாதான் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்கள்: "ஐயா, வெள்ளைச் சட்டை போட்டு வாரவங்க எல்லாரும் அவனுக்கு ஊசிதான் குத்துறாங்க. நீங்களும் குத்த வாரீங்கன்னு பயப்படுதான்."

வேதாகமக் கல்லூரியில் பல வருஷம் படித்தும் நாங்கள் கற்றுக்கொள்ளாத பாடத்தை அன்று அந்த ஆயாம்மாவிடத்தில் கற்றுக்கொண்டோம்.

அன்று மத்தியானம் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆயாம்மா தன் டம்ளரைக் கட்டிலின்மேல் வைத்து, அதற்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டார்கள். "டங்" என்று சத்தம். கவிழ்த்தார்கள், பழம் உருண்டது. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் சத்தம். பிள்ளையைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ தரம் பழம் கட்டிலைவிட்டு உருண்டு கீழே விழுந்தது. அது எங்கே போயிற்று என்று பார்க்கச் சுவர்ப்பக்கமிருந்த முகம் திரும்பிற்று. ஒரு கையில் சலைன் ஊசி, அட்டை வைத்துக் கட்டியிருந்தது. மற்றக் கையை நீட்டினான். தாய் குனிந்து பழத்தை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள்.

அவன் சிரித்தது அன்றைக்கல்ல. மூன்று நாளைக்குப் பிறகு. அன்று இரவு டியூட்டி சிஸ்டர், காய்ச்சலும் எடையும் எழுதுகிற அட்டையின் ஓரத்தில், "இன்று சிரித்தான்" என்று எழுதிவைத்தார்கள். இந்த நோயுள்ள பிள்ளை சிரித்தால் அது சுகத்தின் முதல் அடையாளங்களில் ஒன்று என்பது பிள்ளைகள் வைத்தியர்கள் நன்றாய் அறிந்த காரியம். எருசலேமைப் பற்றிச் சகரியா சொன்னதும் இதுதானே!

பாலும் விளையாட்டும்

இது ஆயாம்மாவின் நல்ல மனது மட்டுமல்ல. வைத்திய சாஸ்திரமும் இதைச் சொல்லுகிறது என்று எங்கள் டாக்டர்கள் பின்பு விளக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட கடும் ஊட்டச்சத்துக் குறைவு பற்றிய வைத்தியர் கைநூலில், வீட்டுப் பொருள்களால் செய்யக்கூடிய விளையாட்டுச் சாமான்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பாலும் மருந்தும் கொடுப்பதுபோல, தினமும் 15 முதல் 30 நிமிஷம் திட்டமிட்டுப் பிள்ளையோடு விளையாடவேண்டும் என்பது இந்நோய்க்கான சிகிச்சையில் ஒரு படி.

காரணம் என்ன? பசியால் வாடுகிற பிள்ளையின் உடம்பு, இருக்கிற கொஞ்சம் பெலனைச் சேமித்துவைக்கப் பார்க்கிறது. தவழுவதில்லை, எட்டிப் பிடிப்பதில்லை, எதையும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. பிள்ளை கேட்காதபடியால் தாயும் பேசுவதைக் குறைத்துவிடுகிறாள். பேச்சும் விளையாட்டும் இல்லாதபோது, மிக வேகமாக வளரவேண்டிய காலத்தில் மூளைக்கு வேலையில்லாமல் போகிறது. வயிற்றுப் பசியைப் பால் தீர்க்கும். இந்த இரண்டாவது பசியைப் பால் மட்டும் தீர்க்காது.

ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் நகரத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சி இதை உலகத்துக்குக் காட்டியது. டாக்டர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்பவரும் உடன் ஊழியரும், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 பிள்ளைகளைத் தெரிந்துகொண்டார்கள். எல்லாரும் 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்டவர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒரு சாராருக்கு வாரந்தோறும் பால்மாவு கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு, சாதாரண சுகாதார உதவியாளர் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். வேறொரு சாராருக்கு இரண்டும் கிடைத்தது. மற்றொரு சாராருக்கு இரண்டுமில்லை. இப்படி இரண்டு வருஷம் நடந்தது. 1991-இல் அதன் பலனை வெளியிட்டபோது, பாலும் உதவியிருந்தது, விளையாட்டும் உதவியிருந்தது. இரண்டும் பெற்ற பிள்ளைகளே அதிகம் தேறியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபின் மறுபடியும் தேடிப்போய் விசாரித்தார்கள். 2014-இல் வெளியான அந்த அறிக்கையின்படி, சிறுவயதில் விளையாட்டுப் பெற்றவர்களின் சம்பாத்தியம், பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாயிருந்தது. எண்ணிப் பாருங்கள்! வாரத்துக்கு ஒரு மணி நேரம்; ஒரு தாய், ஒரு பிள்ளை, சில காலி டப்பாக்கள். இருபது வருஷம் கழித்து அறுவடை.

பூட்டிய அலமாரி

இப்பொழுது ஒரு குறையை உங்கள் முன்பாக அறிக்கையிடவேண்டியதாயிருக்கிறது.

எங்கள் வார்டில் பொம்மைகள் இல்லாமலில்லை. உங்களில் பலர் அன்போடு அனுப்பின நல்ல பொம்மைகள், கண்ணாடிக் கதவுள்ள ஓர் அலமாரியில் இருந்தன. சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில், கண் சிமிட்டுகிற பொம்மை, பலவர்ணக் கட்டைகள். அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஆபீசில் இருந்தது. கொடுத்தால் உடைத்துவிடுவார்கள், எண்ணிக்கை குறைந்தால் கணக்குச் சொல்லவேண்டுமே என்ற பயம். விருந்தாளிகள் வரும்போது திறந்து காட்டுவோம். பிள்ளைகள் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்ப்பார்கள்.

அந்தப் பொம்மைகளை அனுப்பினவர்களில் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகிறோம். உங்கள் அன்பைப் பத்திரப்படுத்துகிறோம் என்று எண்ணி, அதைப் புதைத்து வைத்தோம். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியக்காரன் செய்ததும் இதுதான். இன்று அந்த அலமாரிக்குப் பூட்டு இல்லை.

ஆனாலும் வேறொன்றையும் கண்டோம். அந்த ரயிலோடு விளையாடின பிள்ளை வீட்டுக்குப் போகும்போது ரயில் இங்கேயே நின்றுவிடுகிறது. தாயின் மனதில் ஒரு ஏக்கம்: "எங்களால இதெல்லாம் வாங்க முடியுமாய்யா?" டம்ளரும் எலுமிச்சம்பழமும் அப்படியல்ல; அவை அவள் வீட்டிலும் இருக்கின்றன. இங்கே கற்றுக்கொண்டதை அன்று சாயங்காலமே அங்கே செய்யலாம்.

மேஜையின்மேல் இருப்பவை

சரி, இவற்றைக்கொண்டு என்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றாய்க் காட்டுகிறோம். வீட்டில் பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்தச் சேலைத் துணி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இது போதும். தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா எங்கே?" என்று கேட்கிறாள். திறந்து, "இந்தா!" என்கிறாள். நாம் எல்லாரும் விளையாடின விளையாட்டுத்தான். இதிலே பிள்ளை ஒரு பெரிய சத்தியத்தைக் கற்றுக்கொள்ளுகிறது: கண்ணுக்கு மறைந்தது இல்லாமற்போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் இது மிகவும் அவசியம். தாய் கஞ்சி வாங்க வாசல்வரை போனாலே வீறிட்டு அழுகிற பிள்ளைகள் உண்டு. மறைந்த முகம் திரும்ப வரும் என்பது விளையாடி விளையாடித்தான் அதற்கு விளங்குகிறது. நம்மில் பெரியவர்களுக்கும், தேவன் முகத்தை மறைத்துக்கொண்டாரோ என்று கலங்குகிற நாட்களில், இந்தப் பாடம் தேவைப்படுகிறதல்லவா?

அதே துணியைக் கிழித்துச் சுருட்டி, மேலே நூலால் இறுக்கித் தைத்தால் பந்து. ஜெர்மனி தேசத்தில் 1837-இல் சிறுபிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் ஒரு போதகரின் மகன்; கைக்குழந்தையாயிருக்கையிலேயே தாயை இழந்தவர். பிள்ளைகளின் கையில் முதலாவது கொடுக்கவேண்டியதென்று அவர் வகுத்தது நூலால் செய்த மெத்தென்ற பந்துகளையே. பந்தை உருட்டினால் திரும்பி வரும். அதற்கு எதிரே ஒருவர் உட்காரவேண்டும். பந்தின் விசேஷமே அதுதான்.

இரண்டாவது, டம்ளரும் எலுமிச்சம்பழமும். ஒன்பது மாதத்தை ஒட்டிய பிள்ளைகளுக்கு உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும் அலுக்காத வேலை. பழத்துக்கு நிறமுண்டு, வாசனையுண்டு, உருண்டால் துரத்தலாம். வீட்டிலுள்ள பெரிய டம்ளர், சின்ன டம்ளர், போணி இவற்றை ஒன்றுக்குள் ஒன்று போடச் சொல்லுங்கள். எது எதற்குள் போகும், எது போகாது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கவிழ்த்து அடுக்கினால் கோபுரம். அதைத் தட்டிவிடுகிறபோது வருகிற சத்தத்துக்காகவே மறுபடியும் அடுக்குவான். "சத்தம் போடாதே" என்று பெரியவர்கள் சொல்லாதிருந்தால் போதும்.

மூன்றாவது, கிலுக்கு. நம் ஊரில் பனையோலையில் கிலுகிலுப்பை முடைவார்கள். அது கிடைக்காவிட்டால், சுத்தமான சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் பத்துப் புளியங்கொட்டை. மூடியை இறுக்கி, பிள்ளை திறக்கமுடியாதபடி சுற்றிலும் ஒட்டிவிடவேண்டும். அந்த மூடி கழன்றால் விளையாட்டுச் சாமான் ஆபத்தாகிவிடும். ஆகையால் தினமும் சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, இந்தச் சிரட்டை. ஓரத்தை வழவழப்பாய்த் தேய்த்து, ஒரு துளையிட்டு, ஒரு சாண் கயிறு கட்டியிருக்கிறோம். நடக்கப் பழகின பிள்ளை இதை இழுத்துக்கொண்டு வார்டு முழுவதும் சுற்றிவரும். தரையில் அது போடுகிற சத்தம் எங்களுக்கு ஆராதனை மணியைப்போல் இருக்கிறது. காலியான சோப்பு அட்டைப்பெட்டிகளைக் கோத்தால் ரயில் வண்டி. உங்களில் அநேகர் சிறுவயதில் நுங்குக்கூந்தலில் வண்டி செய்து ஓட்டினவர்கள்தானே! அந்தக் கைப்பழக்கம் இன்னும் மறந்துபோகவில்லை என்று நம்புகிறோம்.

ஐந்தாவது, சுளகு. இதிலே கொஞ்சம் தவிட்டைப் பரப்பினால் ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளை விரலால் கோடு கிழிக்கும். குலுக்கினால் அழிந்துவிடும், மறுபடியும் எழுதலாம். சிலேட்டு பிடிக்கிறதற்கு இதுவே ஆரம்பம். இதே வயதுப் பிள்ளைக்கு, ஒரு தாம்பாளத்தில் விரற்கடை ஆழம் தண்ணீர் வைத்து இரண்டு டம்ளர் கொடுங்கள். இதிலிருந்து அதிலே, அதிலிருந்து இதிலே ஊற்றிக்கொண்டேயிருக்கும். ஊசிக்குப் பயந்து விறைத்துப்போயிருந்த கைகள் தண்ணீரில் தளர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

ஆறாவது, காலண்டர். பசு, காகம், வாழைத்தார், பஸ், பாப்பா என்று படங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, துணிக்கரையால் தைத்தால் புத்தகம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் புத்தகத்தை வாசிக்கலாம். "காக்கா எங்கே?" என்று அவள் கேட்க, பிள்ளை விரலால் தொடவேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும் இதற்கு மிகவும் நல்லவை.

சில எச்சரிப்புகள்

இவ்விஷயத்தில் எங்கள் டாக்டர்கள் கண்டிப்பாய்ச் சொல்லச் சொன்னவை உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். ஆகையால் வாய்க்குள் முழுவதும் போகக்கூடிய எந்தப் பொருளையும் விளையாடக் கொடுக்கலாகாது. நாணயம், பொத்தான், புளியங்கொட்டை, வேர்க்கடலை, குன்றிமணி, பாட்டில் மூடி இவையெல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. குன்றிமணி விஷமுள்ளதும்கூட. கடிகாரத்திலும் சத்தமிடுகிற பொம்மைகளிலும் இருக்கிற பொத்தான்போன்ற பேட்டரியை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், பினாயில் இருந்த டப்பாவை எத்தனை தரம் கழுவினாலும் பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டாம். பீடித்தூளும் அப்படியே, கை கழுவியபின்பே பிள்ளையைத் தொடவேண்டும். இழுக்கிற கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில்கூடச் சிறுபிள்ளை மூழ்கிப்போகும்.

இன்னொரு பொருளும் இப்பொழுது எல்லார் வீட்டிலும் இருக்கிறது: செல்போன். பிள்ளை அழுதவுடன் அதைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அமைதியாகிவிடுகிறது, "தொந்தரவே கிடையாது." அந்தப் பீடித் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றியும் தெருவார் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள் என்பதை மறவாதிருப்போம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை சொல்லியிருக்கிறது. அமைதியாயிருக்கிற பிள்ளையெல்லாம் சுகமாயிருக்கிற பிள்ளையல்ல.

ஐம்பது பீடி

அந்தப் பிள்ளை என்னவானான் என்று கேட்பீர்கள். ஐந்தாவது வாரத்தில் வீட்டுக்குப் போனான். இரண்டு மாதம் கழித்துத் தாய் அவனைச் சோதனைக்குக் கொண்டுவந்தாள். அவன் இடுப்பில் ஏறி வரவில்லை. கயிறு கட்டின ஒரு சிரட்டையை இழுத்துக்கொண்டு நடந்து வந்தான். தாயே செய்ததாம். எங்களைக் கண்டு அவன் ஒடுங்கவில்லை. நாங்களும் இப்பொழுது அங்கியோடு அந்த வார்டுக்குள் போவதில்லை; முதலில் பாயில் உட்காருகிறோம், பிற்பாடு ஜெபிக்கிறோம்.

"வீட்டில விளையாடுறியாம்மா?" என்று கேட்டோம். அவள் சொன்ன பதில் எங்களை நிற்கச் செய்தது.

"விளையாடுதேன்யா. தினமும் அரைமணி நேரம் தட்டை இறக்கி வச்சிருவேன். ஐம்பது பீடி குறையும். குறஞ்சிட்டுப் போகுது."

பிரியமானவர்களே, இவ்வளவு நேரமும் இந்த மேஜையின்மேல் இருக்கிறவை செலவில்லாதவை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது பாதி உண்மைதான். டம்ளருக்குச் செலவில்லை, சிரட்டைக்குச் செலவில்லை. ஆனால் ஏழைத் தாயின் அரைமணி நேரத்துக்கு விலையுண்டு. ஐம்பது பீடியின் கூலி நமக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அது ஒருவேளைக் காய்கறி. ஆலயத்திலே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டவர், இரண்டு காசு போட்ட விதவையைக் கண்டு சீஷரை அழைத்துக் காட்டினார். இந்தத் தாயையும் அவர் காண்கிறார் என்று நம்புகிறோம்.

ஆகையால் உங்களிடத்தில் எங்கள் வேண்டுகோள் இதுவே. இனி விலையுயர்ந்த பொம்மைகளை அனுப்பவேண்டாம். அந்தப் பணத்தை ஒரு தாயின் நேரத்துக்காகக் கொடுங்கள். பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்குகிற தாய்க்கு அத்தனை நாளும் கூலியில்லை. அவளுடைய மூன்று வேளைச் சாப்பாட்டையும், இழந்துபோன கூலியில் ஒரு பங்கையும் நாம் ஏற்றுக்கொண்டால், பாதியிலே எழுந்து வீட்டுக்கு ஓடாமல், பாயில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடக் கற்றுக்கொள்வாள். பிள்ளைகள் வார்டில் தினமும் அந்தப் பாயை விரித்து, புதிதாய் வருகிற தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சகோதரியை முழுநேரமும் வைக்கவேண்டுமென்பதும் எங்கள் ஜெபம்.

பணம் கொடுக்க இயலாதவர்களுக்கும் ஊழியம் உண்டு. ஜமைக்காவில் வீடுவீடாய்ப் போனவர்கள் டாக்டர்களல்ல, சாதாரணச் சகோதரிகள். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், சபைக்கு அருகிலுள்ள ஒரு ஏழை வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போகலாம். கையில் ஒரு டம்ளரும் எலுமிச்சம்பழமும் இருந்தால் போதும். எந்த மதத்தவர் வீடு என்று கேட்கவேண்டாம். பிரசங்கம் செய்யவும் வேண்டாம். தரையில் உட்காருங்கள். முதலில் தாயோடு பேசுங்கள், பிள்ளை உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். பின்பு டம்ளரில் பழத்தைப் போடுங்கள். வயதான ஐயாமாரும் அம்மாமாரும் எங்களுக்கு வயதாகிவிட்டதே என்று சொல்லவேண்டாம். சகரியா கண்ட வீதியில் விளையாடுகிற பிள்ளைகள் மாத்திரமல்ல, கோலூன்றின முதியோரும் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே வீதியில்தான் இடம்.

சிறுபிள்ளைகளைச் சீஷர் தடுத்தபோது ஆண்டவர் விசனமடைந்தார். அவர்களை அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார் என்று மாற்கு பத்தாம் அதிகாரத்தில் பார்க்கிறோம். கவனியுங்கள், முதலில் அணைத்தார். பின்பே கைகளை வைத்தார். நாங்களோ வெகுகாலம் அணையாமலே கைவைத்துக்கொண்டிருந்தோம். இந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கத் தேவன் ஒரு ஆயாம்மாவையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் உபயோகித்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

கூட்டம் முடிந்தவுடன் பிள்ளைகள் வார்டுக்கு வாருங்கள். அலமாரி திறந்திருக்கும், பாய் விரித்திருக்கும். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கொஞ்சநேரம் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். எலுமிச்சம்பழம் நாங்கள் தருகிறோம்.

கர்த்தர்தாமே உங்களையும், உங்கள் பிள்ளைகளையும், உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.